அழிந்துபோன வெள்ளிக்கிழமை

சாம் குக் எழுதிப் பாடிய ‘எ சேஞ்ச் இஸ் கோனா கம்’ பாடலுக்கு இரண்டு பிறந்தநாள்கள் உண்டு. பழைய இசைத்தட்டுப் பட்டியல்கள் சிலவற்றைப் பார்த்தால் அது 1963 டிசம்பர் 21ல் ஒலிப்பதிவானது. பீட்டர் கூரால்னிக் எழுதி 2005ல் வெளிவந்த ‘ட்ரீம் பூகி’ என்ற வாழ்க்கை வரலாற்றைப் பார்த்தால் 1964 ஜனவரி 30. நடுவே நாற்பது நாள். இதில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பாடலைச் சுற்றி உலவும் கதைகள் எல்லாமே ‘இது நடந்தது, அதனால் இதை எழுதினார்’ என்ற வகை. தேதி பிசகினால் காரணமும் பிசகிவிடும். பழைய தமிழ்ப் படப் பாடல்களைத் தேடுகிறவர்கள் ஊரார் நினைவை ஓரமாக வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தையும் இசைத்தட்டின் எண்ணையும் முதலில் எடுப்பார்கள். நானும் அந்த வழியில்தான் போனேன். போன இடத்தில் தேதியைவிடப் பெரிய ஓட்டை ஒன்று காத்திருந்தது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். குக் பிறந்தது 1931 ஜனவரி 22, மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல். அப்பா போதகர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் சிகாகோவுக்கு இடம் பெயர்ந்தது. 1950களில் ‘சோல் ஸ்டிரர்ஸ்’ என்ற தேவாலயப் பாடல் குழுவின் முன்னணிப் பாடகர். அந்தக் குரலுக்காகவே இளைஞர் கூட்டம் தேவாலயங்களுக்கு வந்தது. 1957ல் ‘யூ சென்ட் மீ’ என்ற காதல் பாட்டோடு அவர் வெளியுலகத்துக்கு வந்தபோது பக்தர்களில் பலர் அதைத் துரோகமாகவே பார்த்தார்கள். பாட்டோ பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஜே.டபிள்யூ. அலெக்சாண்டரோடு சேர்ந்து எஸ்.ஏ.ஆர். என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனம், தன் பாடல்களின் உரிமையைத் தானே வைத்துக்கொள்ள ஒரு பதிப்பு நிறுவனம் என்று கணக்குப் புத்தகத்தையும் கையில் எடுத்தார். கறுப்பினப் பாடகர்கள் தம் பாட்டை அற்பக் காசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன காலம் அது.

பாடலின் தோற்றத்துக்கு எனக்கு நான்கு கதைகள் கிடைத்தன. 

ஒன்று, 1963 மே மாதம். வட கரோலினாவின் டர்ஹம் நகரில் கச்சேரி முடிந்ததும், உணவகங்களில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்திய மாணவர்களோடு குக் பேசினார். பேருந்துக்குத் திரும்பியதும் முதல் வரைவை எழுதினார் என்பார்கள். இரண்டாவது கதையில் பாப் டிலன் வருகிறார். ‘தி ஃப்ரீவீலிங் பாப் டிலன்’ ஆல்பம் வந்தது அதே மாதம் 27ஆம் தேதி. அதிலிருந்த ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டை பீட்டர், பால் அண்டு மேரி குழுவினர் அந்தக் கோடையில் நாடெங்கும் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியிலும் பாடினார்கள். இனப் பாகுபாட்டைப் பற்றி இப்படி ஒரு பாட்டை வெள்ளைக்கார இளைஞன் எழுதியிருக்கிறான், நாம் எழுதவில்லையே என்று குக் கூசிப்போனார் என்பது நெருங்கியவர்களின் நினைவு. மூன்றாவது, துக்கம். ஜூன் 17 அன்று அவருடைய ஒன்றரை வயது மகன் வின்சென்ட் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தான். நான்காவது, எல்லாக் கட்டுரைகளும் தவறாமல் சொல்வது: லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஒரு விடுதியில் அறை மறுக்கப்பட்ட கதை.

நான்கில் எழுத்துத் தடயம் பலமாக இருப்பது கடைசிக் கதைக்குத்தான். 1963 அக்டோபர் 8. முன்கூட்டியே தொலைபேசியில் அறை கேட்டுவிட்டுத்தான் ஹாலிடே இன் விடுதிக்குப் போனார்கள் குக், மனைவி பார்பரா, சகோதரர் சார்லஸ், சுற்றுப்பயண மேலாளர் எஸ்.ஆர். கிரெய்ன். வாசலில் முகத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்று ஆகிவிட்டது. குக் மேலாளரைக் கூப்பிடச் சொல்லி நின்றார். போய்விடலாம், உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பார்பரா இழுத்தார். கடைசியில் கறுப்பின மக்கள் தங்கும் காசில் ஹோட்டலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் அங்கே காத்திருந்தது. அமைதியைக் குலைத்ததாகக் குற்றச்சாட்டு. கார் ஹாரனை விடாமல் அடித்தார்கள் என்பது போலீஸ் தரப்பு.

மறுநாள் நியூயார்க் டைம்ஸ் இதை ஒரு சின்னச் செய்தியாகப் போட்டது. தலைப்பில் பெயர் இல்லை. ‘நீக்ரோ பேண்டு லீடர்’ ஒருவர் ஷ்ரீவ்போர்ட்டில் பிடித்துவைக்கப்பட்டார், அவ்வளவே. ஆறு ஆண்டுகளாக வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்த பாடகரை இசைக்குழுத் தலைவர் என்று எழுதியிருக்கிறார்கள். தென்மாநில விடுதியின் வரவேற்பு மேசைக்கும் நியூயார்க் செய்தி மேசைக்கும் அந்த ஆள் யாரென்று தெரியாமல்போனதில் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

சரி, அன்றிரவே எழுதினாரா? திரைக்கதைக்கு அப்படித்தான் வேண்டும். நாட்காட்டி இடம் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு குக் தன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு புதுப் பாட்டை வாசித்துக் காட்டினார் என்பது அலெக்சாண்டரின் சாட்சியம். அக்டோபர் 8க்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய பதினொரு வாரம். டர்ஹம் கதையை ஏற்றால் அரும்பியது மே மாதம். ஆக, ஷ்ரீவ்போர்ட் அவமானம் இந்தப் பாட்டைப் பெற்ற தாய் அல்ல. ஒரு வருடம் முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தவற்றில் அதுவும் ஒன்று. ஒரே காரணத்தைப் பிடித்துக்கொள்ள நமக்கெல்லாம் ஆசை. சொல்லிக் காட்ட அதுதான் வசதி.

இதற்கு இன்னொரு சாட்சி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆறு, வாழ்க்கைமேல் சலிப்பு, மரணத்தின்மேல் அச்சம் என்ற சேர்க்கை குக்குக்குப் புதியதல்ல. 1927ல் வந்த ‘ஷோ போட்’ இசை நாடகத்தின் ‘ஓல் மேன் ரிவர்’ பாட்டில் இந்த மூன்றும் உண்டு; அதை குக் 1958ல் தன் முதல் ஆல்பத்திலேயே பாடிப் பதிந்திருந்தார். வெள்ளைக்காரர்கள் ஒரு கறுப்பினத் தொழிலாளியின் வாயில் வைத்த சோர்வை எடுத்து, தன்னுடையதாக்கி, முடிவை மட்டும் மாற்றியிருக்கிறார். பழைய பாட்டில் ஆறு யாரைப் பற்றியும் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். குக்கின் பாட்டில் ஆற்றோடு சேர்ந்து மனிதனும் ஓடுகிறான், எங்கோ போய்ச் சேரலாம் என்று. தேவாலயத்தில் வளர்ந்த ஒருவர், வானத்துக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியாது என்று அதே பாட்டில் சொல்வதை நான் ஒவ்வொரு முறையும் நிறுத்திக் கேட்கிறேன். சோல் ஸ்டிரர்ஸ் மேடையில் அந்த வாக்கியத்தை அவர் உச்சரித்திருக்கவே முடியாது.

இப்போது தேதி வழக்கு. அலெக்சாண்டரின் நினைவு சரியென்றால் டிசம்பர் 21 செத்துப்போகிறது. பதிவாகி முடிந்த பாட்டை, கிறிஸ்துமஸுக்குப் பிறகு கிட்டாரோடு உட்கார்ந்து புதுசு என்று யாரும் வாசித்துக் காட்டமாட்டார்கள். அப்படியானால் டிசம்பர் தேதி எங்கிருந்து வந்தது? இந்தப் பாட்டு இடம்பெற்ற ‘ஏய்ன்ட் தட் குட் நியூஸ்’ ஆல்பம் ஒரே மூச்சில் பதிவானதல்ல. அதிலுள்ள வேறு சில பாடல்கள் டிசம்பரில் பதிவானவை. ‘அனதர் சாட்டர்டே நைட்’ அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. ஆல்பத்தின் ஒரு தேதியை எல்லாப் பாட்டுக்கும் ஒட்டிவிட்ட பட்டியல்காரரின் வேலை இது என்பது என் ஊகம். அமெரிக்காவில் ஒலிப்பதிவு நடந்தால் இசைக் கலைஞர் சங்கத்தின் படிவம் ஒன்று நிரப்பப்படும்: நாள், இடம், வந்தவர்கள், அவர்களுக்கான ஊதியம். வயலின்காரர்களுக்குக் காசு கொடுத்த நாள்தான் பாட்டு பதிவான நாள். இவ்வளவு வயலின்களைக் கூட்டிய பாட்டுக்கு அந்தக் காகிதம் பொய் சொல்லாது.

அந்த நாளைப் பற்றி ஒரு நல்ல தகவல். இசைக் கோப்புக்குப் பொறுப்பு ரெனே ஹால். மற்றப் பாடல்களில் இப்படி வேண்டும், அப்படி வேண்டும் என்று குறுக்கே புகும் குக், இதை மட்டும் அவரிடம் முழுசாக விட்டுவிட்டார். ஹால் ஒரு திரைப்படத்துக்கு இசையமைப்பதுபோல வேலை செய்தார். தொடக்கத்தில் வயலின்கள் எழும்புகின்றன. ஒரு சரணத்தில் தாளம் முன்னுக்கு வருகிறது, இன்னொன்றில் பிரெஞ்சு ஹார்ன் துணைக்கு வருகிறது. உதவி கேட்டுப் போனவனைச் சகோதரனே கீழே தள்ளும் இடத்தில் டிம்பனி அதிர்கிறது. குக்கின் தட்டுகளை வெளியிட்ட ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாலிவுட் கூடத்தில் அவ்வளவு பெரிய வாத்தியக் கூட்டத்தைப் பார்த்ததும் டிரம்ஸ் கலைஞர் ஜான் பூட்ரோ மிரண்டுபோய், கட்டுப்பாட்டு அறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். பக்கத்தில் வேலையாக இருந்த ஏர்ல் பாமர் வந்து உட்கார்ந்து வாசித்தார். நியூ ஆர்லியன்ஸில் லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்த அதே பாமர்.

இனி அந்த ஓட்டைக்கு வருகிறேன்.

இந்தப் பாட்டை குக் பொது மேடையில் ஒரே ஒரு முறை பாடினார். 1964 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, என்.பி.சி. தொலைக்காட்சியில் ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’. ஒலிப்பதிவு முடிந்து எட்டே நாள். யோசனை அவருடைய மேலாளர் ஆலன் கிளைனுடையது. விற்பனைக்கு வந்திருந்த வேறு பாட்டைப் பாடப் போன குக்கை, இதைத்தான் பாட வேண்டும் என்று பிடித்தவர் அவர்தான். ஏற்பாட்டுக்கு நேரம் இல்லை, அத்தனை வயலினுக்கு எங்கே போவது என்று குக் தயங்கினார். வயலின் குழுவுக்கான செலவை ஆர்.சி.ஏ. தலையில் கட்டினார் கிளைன். பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ் ஆகியோரோடு அவருக்கு ஏற்பட்ட வழக்குகளால் கிளைனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஆள் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் அவருடைய காது சரியாகவே வேலை செய்திருக்கிறது.

அந்த ஒளிபரப்பின் நாடா இல்லை. 

தொலைந்தது என்பதைவிட அழிக்கப்பட்டது என்பதே பொருத்தம். அன்றைய ஒளிப்பதிவு நாடா இரண்டு அங்குல அகலம். 1956ல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முறை. ஒரு மணி நேரச் சுருளின் விலை ஏறத்தாழ 300 டாலர், ஆனால் அழித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். டுநைட் ஷோ அப்போது இரவு 11.15க்குத் தொடங்கி ஒரு மணி வரை, வாரம் ஐந்து நாள் ஓடியது. நள்ளிரவு அரட்டையை மறு ஒளிபரப்புச் செய்ய யாரும் நினைக்கவில்லை. கணக்குப் பிள்ளையின் பார்வையில் ஒவ்வொரு சுருளும் அடுத்த வாரத்துக்கான வெற்று நாடா. கார்சன் 1962 அக்டோபரில் பொறுப்பேற்றதிலிருந்து 1972ல் நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவின் பர்பாங்குக்குப் போனது வரையிலான பத்தாண்டுகளில் பெரும்பகுதி இப்படித்தான் போயிற்று. கார்சனின் முதல் நாள் நிகழ்ச்சிகூட ஒலியாகத்தான் மிஞ்சியிருக்கிறது, ஒளியாக இல்லை. 1972க்குப் பிந்தைய நாடாக்களுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்: கான்சாஸ் மாநிலத்தின் ஹச்சின்சனில், தரைக்குக் கீழே 650 அடி ஆழத்தில், ஈரமே அண்டாத உப்புச் சுரங்கத்தில் அவற்றைப் பத்திரப்படுத்தினார்கள். எட்டு வருடம் கழித்துப் பாடியிருந்தால் குக்கும் அங்கே இருந்திருப்பார்.

நாடா போனாலும் தேட இன்னும் மூன்று இடங்கள் உண்டு. வெளிநாடுகளில் இருந்த அமெரிக்கப் படையினருக்காகச் சில நிகழ்ச்சிகளைத் திரைப்படச் சுருளில் பதித்து அனுப்பினார்கள். அறுபதுகளின் கார்சன் நிகழ்ச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்திருப்பது இந்த வழியில்தான். வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே மைக்கை வைத்து டேப் ரிக்கார்டரில் ஒலியைப் பதிந்த ரசிகர்கள் அடுத்த வழி. மூன்றாவது, நிறுவனத்தின் காகிதங்கள்: என்.பி.சி.யின் ஆவணங்கள் பெருமளவில் காங்கிரஸ் நூலகத்திலும் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்திலும் இருக்கின்றன. ஆனால் காகிதம் ஒருவர் பாடியதைச் சொல்லும், எப்படிப் பாடினார் என்பதைச் சொல்லாது. குரல் நடுங்கியதா, நியூயார்க் வயலின்காரர்கள் ஹாலின் இசைக் குறிப்பை ஒரே நாளில் பிடித்தார்களா, பாடி முடித்ததும் கார்சன் என்ன சொன்னார், எதுவும் அதில் இருக்காது.

அன்றைய பத்திரிகைகளாவது ஏதேனும் எழுதியிருக்காதா? இங்கே வரலாறு ஒரு குறும்பு செய்துவிட்டது. அதே பிப்ரவரி 7 மதியம் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் பான் ஆம் விமானத்திலிருந்து நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் இறங்கினார்கள். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பீட்டில்ஸ் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியதைப் பார்த்தவர்கள் ஏழு கோடியே முப்பது லட்சம் பேர். அந்த வார இறுதியில் இசை எழுத்தாளர்களின் மேசைகளில் வேறெதற்கும் இடம் இருந்திருக்காது. தங்கள் வாழ்க்கையின் திருப்புமுனை என்று குக்கும் அலெக்சாண்டரும் நினைத்த இரவு, பக்கத்து வீட்டுக் கல்யாண மேளத்தில் அமுங்கிப்போயிற்று.

இல்லாத நாடாவின் இடத்தில் இப்போது ஒரு திரைப்படம் உட்கார்ந்திருக்கிறது. ரெஜினா கிங் இயக்கத்தில் 2020ல் வந்த ‘ஒன் நைட் இன் மயாமி’. கெம்ப் பவர்ஸின் மேடை நாடகத்திலிருந்து எடுத்தது. 1964 பிப்ரவரி 25 அன்று குத்துச்சண்டை வீரர் காசியஸ் கிளே, சானி லிஸ்டனை வீழ்த்திய இரவில் கிளே, மால்கம் எக்ஸ், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜிம் பிரவுன், குக் நால்வரும் ஒரு விடுதி அறையில் கூடுகிறார்கள். மால்கம் எக்ஸ் டிலனின் இசைத்தட்டை ஓடவிட்டு, உன்னால் இப்படி ஒன்று எழுத முடியவில்லையே என்று குக்கைக் குத்துகிறார். படத்தின் முடிவில் குக் கார்சன் நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைப் பாடுகிறார். லெஸ்லி ஓடம் ஜூனியரின் நடிப்பும் பாட்டும் பிரமாதம். குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தேதி? நால்வரும் கூடியது உண்மை. அதற்கு இருபத்தாறு நாள் முன்பே பாட்டு பதிவாகிவிட்டது. பதினெட்டு நாள் முன்பே தொலைக்காட்சியில் பாடி முடித்தாயிற்று. அந்த அறையில் யாராவது அவரைக் குத்திக் காட்டியிருந்தால், போன வெள்ளிக்கு இரண்டு வாரம் முன்பு தொலைக்காட்சி பார்க்கவில்லையா என்று அவர் கேட்டிருக்கலாம்.

படைப்பாளிக்கு வரிசையை மாற்றும் சுதந்திரம் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. அந்த மாற்றம் குக்கைப் பிறர் தட்டி எழுப்ப வேண்டிய ஆளாக ஆக்குகிறது. தடயங்கள் காட்டும் குக் எல்லோருக்கும் முன்பே விழித்தவர், ஆனால் எழுதியதைக் கண்டு தானே பயந்தவர். இளைய கிட்டார் கலைஞர் பாபி வோமாக்குக்கு அதைப் போட்டுக் காட்டியபோது, சாவு வாடை அடிக்கிறது என்கிற மாதிரி வோமாக் ஏதோ சொன்னாராம். குக்கும் ஒத்துக்கொண்டு, அதனால்தான் இதை மேடையில் பாடப் போவதில்லை என்றாராம். இது வோமாக் பல வருடம் கழித்துச் சொன்னது. இறந்தவரைப் பற்றிய நினைவுக்கு ஒரு ஜோதிடச் சாயல் எப்போதும் வந்துவிடும். நான் அதை அரைச் சாட்சியமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முழுச் சாட்சியம் இசைத்தட்டுகளில் கிடைத்தது. குக்கின் நேரடிக் கச்சேரி ஆல்பங்கள் இரண்டு. மயாமியின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் 1963 ஜனவரி 12 அன்று பதிவானது ஒன்று. கறுப்பின ரசிகர்கள் நடுவே தொண்டை கிழியப் பாடும் இந்த குக், வெள்ளைச் சந்தைக்கு வளர்த்த பிம்பத்துக்கு ஒத்துவராது என்று நிறுவனம் அதை அலமாரியில் வைத்துவிட்டது. வெளியே வந்தது 1985ல். அதில் இந்தப் பாட்டு இருக்க வழியில்லை, அப்போது பிறக்கவேயில்லை. மற்றது நியூயார்க்கின் கோபகபானா இரவு விடுதியில் 1964 ஜூலையில் பதிவானது. வசதி படைத்த வெள்ளைக்காரர்கள் இரவு உணவுக்கு வரும் இடம். அங்கே குக் ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாடுகிறார், துள்ளலாக, விரல் சொடுக்கோடு. தன் பாட்டைப் பாடவில்லை. டிலனைப் பார்த்துக் கூசி எழுதினார் என்று சொல்லப்படும் மனிதர், எழுதி ஏழு மாதம் கழித்து, டிலன் பாட்டைப் பாடிவிட்டுத் தன்னுடையதைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறார். வயலின்கள் இல்லாமல் பாட முடியாது என்று சமாதானம் சொல்லலாம். கோபாவில் பெரிய இசைக்குழுவே இருந்தது.

பாட்டைத் தனித் தட்டாக வெளியிடவும் அவசரம் இருக்கவில்லை. 1964ன் தொடக்கத்தில் வந்த ஆல்பத்தில் அது ஒரு பாட்டு. மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு நிதி திரட்டும் தொகுப்புத் தட்டு ஒன்றுக்கும் கொடுத்தார் குக். டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மலிவு விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33. சுட்டது தற்காப்புக்காக என்று விசாரணை முடிந்தது. அவருடைய குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அந்த இரவைத் தோண்டுபவர்கள் ஏராளம், நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் வழக்குக்கு வேண்டியது பதினொரு நாள் கழித்து நடந்தது. டிசம்பர் 22 அன்று ஆர்.சி.ஏ. 8486 என்ற எண்ணில் ஒரு 45 சுழற்சித் தட்டை வெளியிட்டது. முன்பக்கம் ‘ஷேக்’ என்ற ஆட்டப் பாட்டு. பின்பக்கம் இது. ஷேக் ஏழாம் இடம்வரை ஏறியது. பின்பக்கப் பாட்டு பில்போர்டு பொதுப் பட்டியலில் 31, ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் 9.

குடிமை உரிமைப் போராட்டத்தின் கீதம் என்று இன்று இதைச் சொல்கிறோம். இந்தப் பட்டத்தைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே கையாள வேண்டும். ஊர்வலத்தில் பாட நல்ல பாட்டு, ஆயிரம் பேர் கைகோத்து ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ‘வீ ஷல் ஓவர்கம்’ அப்படிப்பட்டது. குக்குடையதில் ‘நாம்’ இல்லை, ‘நான்’தான். அதன் ஏற்ற இறக்கம் பயிற்சி பெற்ற ஒற்றைக் குரலுக்கானது. 1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் நடந்தவர்கள் இதைப் பாடிக்கொண்டு நடந்தார்கள் என்று யாராவது எழுதினால் நான் ஆதாரம் கேட்பேன். இது வீட்டில் தனியாகக் கேட்ட பாட்டு. 1968ல் கிங் கொல்லப்பட்ட பிறகு இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தன்னைத் தேற்றிக்கொண்டதாக ரோசா பார்க்ஸ் சொல்லியிருக்கிறார். அதுதான் இதன் இயல்பான இடம் என்று எனக்குப் படுகிறது.

பாடகர்களிடம் இது வேகமாகப் பரவியது. குக் இறந்த ஏழாவது மாதம், 1965 ஜூலையில், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கூடத்தில் ஓடிஸ் ரெட்டிங் இதைப் பதிந்தார். வயலின்கள் இல்லை, ஊதுகுழல்கள் மட்டும்; குக் வழுக்கிக்கொண்டு போகும் இடங்களில் ஓடிஸ் இடறி விழுந்து எழுந்து போகிறார். அரீத்தா ஃபிராங்க்ளின் 1967ல் பாடியபோது தொடக்கத்தில் தன் சொந்த வரிகளைச் சேர்த்து, ஒரு பழைய நண்பன் சொன்ன சொல்லாக இதை அறிமுகப்படுத்தினார். நண்பன் யாரென்று பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை: அவருடைய அப்பாவும் போதகர், சோல் ஸ்டிரர்ஸ் காலத்திலிருந்தே குக்கைத் தெரியும். குக்குக்குப் பிறகு வந்தவற்றில் எனக்கு இதுதான் முதலிடம்.

அரசு அங்கீகாரங்கள் தாமதமாக, வரிசையாக வந்தன. 2007ல் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. 2008 நவம்பர் 4 இரவு சிகாகோவில் வெற்றி உரை ஆற்றிய பராக் ஒபாமா, பாட்டின் தலைப்பை இறந்த காலத்துக்கு மாற்றிச் சொன்னார். குக் வளர்ந்த ஊர் அது. ரோலிங் ஸ்டோன் இதழின் சிறந்த பாடல்கள் பட்டியலில் 2004ல் 12ஆம் இடம், 2021ல் 3ஆம் இடம். 2019ல் ஷ்ரீவ்போர்ட் மேயர் ஏட்ரியன் பெர்கின்ஸ், 1963 கைதுக்காகக் குக் குடும்பத்திடம் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விடுதி வாசலில் நடந்ததற்கும் மன்னிப்புக்கும் இடையே 56 வருடம்.

இன்னொரு வெட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், வேண்டுமென்றேதான். 1964 டிசம்பர் தனித்தட்டில் இருப்பது ஆல்பத்தில் இருக்கும் பாட்டு அல்ல. வானொலிக்கு நீளம் அதிகம் என்று ஒரு சரணத்தையே எடுத்துவிட்டார்கள். எதை? பாடுகிறவன் சினிமாவுக்குப் போகிறான், நகரத்தின் கடைவீதிக்குப் போகிறான், இங்கே சுற்றிக்கொண்டிருக்காதே என்று எவரோ துரத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆறும் வானமும் மரண பயமும் யாருக்கும் பொருந்தும். தியேட்டர் வாசலில் தடுக்கப்படுவது தென்மாநிலக் கறுப்பினத்தவருக்கு அன்றாடம் நடந்தது. இனப் பாகுபாட்டை நேரடியாக, இடம் சொல்லித் தொடுகிற ஒரே சரணம் அது. நேரத்துக்காக வெட்டினார்களா, தென்மாநில வானொலிக்காக வெட்டினார்களா என்று ஆர்.சி.ஏ. எழுதிவைத்த காகிதம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் கத்தரிக்கு வேறு சரணங்களும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. பட்டியலில் 31ஆம் இடம் பிடித்தது அந்தக் குறைப் பாட்டு. பிற்காலத் தொகுப்புகளில் முழுமையானது திரும்பிவிட்டாலும் பழைய வடிவமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டுமானால் நீளத்தைப் பாருங்கள்: மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ஆல்பம், இரண்டரை நிமிடத்தையொட்டி முடிந்தால் சினிமாவுக்குப் போகாதவன்.